காசிமேட்டுப் படகு ஓவியத்தை முகம் தெரியாதவருக்கு விற்பது எப்படி?

ராயபுரம், வியாசர்பாடி பக்கம் வரைகிற பிள்ளைகள் பலர் இப்போது இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும்தான் படம் விற்கிறார்கள். கண்காட்சி வைக்க கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி, ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் என்று அலைய வேண்டும். போன் கையிலேயே இருக்கிறது. சிக்கல் ஒன்றுதான்: கோயம்புத்தூரில் இருந்து விலை கேட்கிறவருக்கு உங்களை யாரென்றே தெரியாது. "நம்பி வாங்குங்க சார்" என்று எழுதுவதால் பயனில்லை. அவரே சரிபார்த்துக்கொள்கிற மாதிரி நாலு விஷயம் கொடுங்கள்.

படி 1: போட்டோ

இதில்தான் பாதி வேலை. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள், நீலம் பச்சையாகத் தெரியும். காலை நேரத்தில், நேர் வெயில் படாத ஜன்னல் ஓரமாகப் படத்தைச் சாய்த்து வையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை ஒட்டுங்கள். போட்டோவில் அந்தத் தாள் மஞ்சளடித்தால் படத்தின் நிறமும் மாறியிருக்கிறது என்று அர்த்தம். தாளின் அளவு 21 செ.மீ.க்கு 29.7 செ.மீ. என்பதால் படம் எவ்வளவு பெரியது என்பதும் அவருக்குப் புரிந்துவிடும். ஃபில்டர் வேண்டவே வேண்டாம்.

முன்பக்கம் மட்டும் போதாது. பின்பக்கம், கையெழுத்து, கேன்வாஸ் மடிப்பு, மூலையில் சின்னக் கீறல் இருந்தால் அதுவும் தனித்தனி போட்டோவாக வேண்டும். குறையை நீங்களே காட்டிவிட்டால், பார்சல் பிரித்த பிறகு சண்டை வராது.

படி 2: விவரம்

அளவு, எந்த வண்ணம் (அக்ரிலிக்கா, வாட்டர் கலரா), எதன் மேல் வரைந்தது, எந்த ஆண்டு, பிரேம் உண்டா இல்லையா. கையால் வரைந்ததா, பிரின்ட்டா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். பிரின்ட் என்றால் மொத்தம் எத்தனை போட்டீர்கள், இது எத்தனையாவது என்று 3/25 போலக் குறியுங்கள். 25 என்று எழுதிவிட்டு 26-வது போடுகிறவரிடம் யாரும் இரண்டாம் முறை வாங்க மாட்டார்கள்.

படி 3: விலையும் பணமும்

விலையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி போடுங்கள். "இன்பாக்ஸில் கேளுங்க" என்றாலே ஆளைப் பார்த்து விலை சொல்கிறீர்கள் என்றுதான் நினைப்பார்கள். தேவராஜ முதலி தெருவில் பிரேம் போட்டுத் தருவதாக இருந்தால் அந்தச் செலவையும் கூரியர் செலவையும் தனியாகக் காட்டுங்கள். ஆர்டர் எடுத்து வரைகிற உருவப்படத்துக்குப் பாதி முன்பணம் வாங்குவது நியாயம். பென்சில் கோடு போட்டதும் ஒரு போட்டோ அனுப்பி, சரி என்ற பிறகு வண்ணத்தைத் தொடுங்கள்.

இனி மோசடி. "ராணுவத்தில் இருக்கேன், படத்தைப் பார்க்காமலே வாங்கிக்கிறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் பெறுவதற்கு யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது. ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். "தெரியாம அதிகமா போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்பதும் பழைய வித்தைதான்.

படி 4: பார்சல்

அக்ரிலிக் படத்தின் மேல் நேராக பபிள் ராப் சுற்றினால் சென்னை வெக்கைக்கு ஒட்டிக்கொண்டு வட்ட வட்டமாகத் தழும்பு விழும். முதலில் பட்டர் பேப்பர், அப்புறம் பபிள் ராப். பெரிய கேன்வாஸ் என்றால் வண்ணப் பக்கம் வெளியே இருக்குமாறு சுருட்டி, ஹார்டுவேர் கடை பிவிசி குழாய்க்குள் விடுங்கள். கட்டுவதை ஒரே வீடியோவாக எடுத்து, டிராக்கிங் எண்ணோடு அனுப்புங்கள். ஊருக்குள்ளேயே வாங்குகிறவர் என்றால் வண்ணாரப்பேட்டை மெட்ரோ வாசலில் நேரில் கொடுப்பதே மேல்.

வாங்குகிறவர் நீங்களா?

படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். வேறொருவர் பெயரில் கிடைத்தால் விட்டுவிடலாம். படத்தைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் சின்ன வீடியோ கேளுங்கள். வண்ணம் தடியாக வைத்த இடங்களில் தூரிகைத் தடம் மேடு பள்ளமாகத் தெரியும், பிரின்ட் மொழுக்கென்று இருக்கும். சொந்தமாக வரைந்தவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார். பார்சலைப் பிரிக்கும்போது நீங்களும் வீடியோ எடுங்கள்.

இன்னொன்று: படத்தை வாங்கிவிட்டதாலேயே அதை டீ-ஷர்ட்டில் அச்சடிக்கும் உரிமை உங்களுக்கு வந்துவிடாது. எழுதிக் கொடுக்காதவரை, ஆர்டர் இல்லாமல் வரைந்த படத்தின் காப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும்; ஆர்டர் கொடுத்துப் பணத்துக்கு வரையச் சொன்ன படம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அது ஆர்டர் கொடுத்தவருக்குப் போகும். விற்கிறவர் இதையும் பில்லில் ஒரு வரி எழுதிவிடலாம்.

பணம் பறிபோனால் யோசித்துக்கொண்டிருக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறுவதற்குள் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. சாட், போன் எண், பரிவர்த்தனை எண் எதையும் அழித்துவிடாதீர்கள்.