தோல் தைக்கும் மிஷின் தையல் விட்டால்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வீட்டிலேயே மிஷின் போட்டு ஷூ மேல்பாகம் தைப்பவர்களுக்கு இது உதவும். தையல் விட்டுவிட்டு விழுந்தால் உடனே ஹூக் (அடியில் சுற்றி மேல்நூலைப் பிடிக்கும் கொக்கி) டைமிங்கில் கை வைக்க வேண்டாம். முதலில் ஊசியை மாற்றுங்கள். தோல் ஊசியைச் சீக்கிரம் மழுக்கிவிடும், பசையும் ஒட்டிக்கொள்ளும். முனையை நகத்தில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். கீறினால் முனை மடங்கிவிட்டது. புது ஊசியை முட்டும்வரை மேலே ஏற்றி, குழிவான பக்கம் ஹூக்கைப் பார்க்கும்படி மாட்டுங்கள்.

அப்புறம் நூல். ஒரு முழம் நூலை ஊசிக் காதில் கோத்து, சாய்வாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். சிக்கி நின்றால் நூலுக்கு ஊசி பத்தாது. 110 போட்டிருந்தால் 120-க்குப் போங்கள். இந்த எண் ஊசித் தண்டின் கனம்: 110 என்றால் 1.1 மில்லிமீட்டர்.

அடியில் நூல் கூடு கட்டினால் எல்லோரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் திட்டுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மேல்நூலில்தான். தோலை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலைத் தூக்கினால், மேல்நூலை இறுக்கும் டென்ஷன் தட்டுகள் விரியும். நடுவில் அறுந்த நூல் துணுக்கோ தோல் தூசியோ இருக்கும். துணி முனையால் துடைத்துவிட்டு, மிஷின் கால் தூக்கியபடியே நூலை மறுபடி கோத்துவிடுங்கள்.

கை வைக்கும் முன் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கிளட்ச் மோட்டார் அணைத்த பிறகும் சில நொடி சுற்றும். அணைத்தபின் பெடலை மிதித்து, மோட்டார் முழுதாக நின்ற பிறகே விரலைக் கொண்டுபோங்கள்.