ஏரிக்கரைப் பலகைகளை எப்படிப் படிப்பது: யேட்ஸ் கவுண்ட்டியின் தொடக்கக் குடியேற்றம்

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் ஏரிகள் பகுதியில், கிழக்கே செனிகா ஏரியும் நடுவே கியூகா ஏரியும் அமைந்த யேட்ஸ் கவுண்ட்டியின் (கவுண்ட்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கிராமச் சாலைகளில் செல்பவர், நீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்துகள் கொண்ட வார்ப்பிரும்புப் பலகைகளைக் காணாமல் இருக்க முடியாது. அமெரிக்கப் புரட்சியின் 150ஆம் ஆண்டையொட்டி 1926இல் மாநிலம் தொடங்கிய திட்டத்தில் வேரூன்றியவை இவை. இவற்றைக் கொண்டு அப்பகுதியின் தொடக்கக் குடியேற்றத்தை அறிய விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது பலகை சொல்லும் ஆண்டையன்று, அந்தப் பலகை நிறுவப்பட்ட ஆண்டையே. அது பெரும்பாலும் அடிப்பகுதியில், நிறுவிய அமைப்பின் பெயரோடு பொறிக்கப்பட்டிருக்கும். குடியேறிகள் வந்த 1788ஆம் ஆண்டு நிகழ்வைப் பற்றி 1930களில் எழுதப்பட்ட வாசகம், ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு அவ்வூரார் எதை நினைவில் வைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

அடுத்து, ‘முதல்’ என்ற சொல் வரும் இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். முதல் குடியேறி, முதல் வீடு, முதல் ஆலை என்று பலகைகள் அடுக்கும்போது, அந்நிலம் இரோக்குவா பழங்குடிக் கூட்டமைப்பைச் சேர்ந்த செனிகா மக்களின் நிலமாக இருந்தது என்பது வாசகத்திலிருந்து நழுவிவிடுகிறது. 1779இல் ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி வந்த தளபதி சல்லிவனின் படை, இரோக்குவா மக்களின் சுமார் 40 ஊர்களையும் அவற்றின் சோள வயல்களையும் பழத்தோட்டங்களையும் அழித்தது. குடியேறிகள் வந்தது அதற்குப் பிறகுதான். ஆகையால் 1779ஐக் குறிக்கும் பலகைகளை முதலில் தேடிப் படித்துவிட்டு, பிறகே 1788ஐக் குறிப்பவற்றிடம் செல்லுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை.

அந்த 1788இல் கியூகா ஏரியின் நீர் செனிகா ஏரிக்கு இறங்கும் ஓடையருகே வந்து குடியேறியவர்கள், பப்ளிக் யுனிவர்சல் ஃப்ரெண்ட் என்ற சமயத் தலைவரின் சீடர்கள். அவர் ரோட் ஐலண்டில் 1752இல் பிறந்தவர்; ஜெமைமா வில்கின்சன் என்ற இயற்பெயரை 1776இல் துறந்து, அதன்பின் அப்பெயரை ஏற்க மறுத்தவர். ஆவணம் தேடுபவருக்கு இது முக்கியமான செய்தி. பலகையில் உள்ள பெயரைக் கொண்டு கிரயப் பத்திரப் பட்டியலைப் புரட்டினால் அவருடைய நிலம் அகப்படாமல் போகலாம், ஏனெனில் அது சாரா ரிச்சர்ட்ஸ், அவருக்குப் பின் ரேச்சல் மாலின் ஆகிய நம்பிக்கைக்குரிய சீடர்களின் பெயரில் இருந்தது.

எந்த அலுவலகத்தில் தேடுவது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். யேட்ஸ் கவுண்ட்டி 1823இல்தான் உருவானது. அதற்கு முந்தைய பத்திரங்களையும் 1790 முதல் 1820 வரையிலான மக்கள்தொகைக் கணக்கையும் ஆன்டாரியோ கவுண்ட்டியின் பெயரில், அதன் தலைமையிடமான கனன்டைக்வாவை மையமாகக் கொண்டு தேட வேண்டும். தெற்கே உள்ள ஸ்டார்க்கி, பாரிங்டன் ஆகியவை பின்னர் ஸ்டூபன் கவுண்ட்டியிலிருந்து வந்து சேர்ந்தவை.

நில எல்லையைக் குறிக்கும் பலகைகளுக்குத் தனிக் கவனம் தேவை. நியூயார்க்கும் மாசசூசெட்ஸும் 1786இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, பென்சில்வேனியா எல்லையின் 82ஆம் மைல்கல்லிலிருந்து வடக்கே செல்லும் கோட்டுக்கு மேற்கே, பழங்குடியினரிடமிருந்து நிலம் வாங்கும் முன்னுரிமை மாசசூசெட்ஸுக்குக் கிடைத்தது. அந்த உரிமையைத்தான் 1788இல் நில வணிகர்களான ஃபெல்ப்ஸும் கோரமும் வாங்கினார்கள். அவ்வாண்டு அளக்கப்பட்ட கோடு மேற்கே விலகிப் போயிருந்ததால் 1792இல் மீண்டும் அளந்தார்கள், அதனால் இரு கோடுகளுக்கும் இடைப்பட்ட துண்டில் குடியிருந்தவர்களின் உரிமை, ஃப்ரெண்டின் சீடர்கள் உட்பட, கேள்விக்குள்ளானது. எனவே பலகையோ பத்திரமோ அந்தக் கோட்டைக் குறிப்பிட்டால், பழைய கோடா, புதிய கோடா என்று உறுதிசெய்த பின்னரே வரைபடத்தில் குறியுங்கள்.

இரு பலகைகள் முரண்பட்டால் மனம் தளர வேண்டாம். செனிகா தலைவர் ரெட் ஜாக்கெட்டின் பிறப்பிடம் என்ற பெருமையைக் கியூகா கரையும், கயூகா என்ற வேறொரு ஏரியருகே உள்ள கனோகா என்ற ஊரும் கொண்டாடுகின்றன. இரண்டையும் குறித்துக்கொண்டு, யார், எப்போது, எதை ஆதாரமாகக் கொண்டு சொன்னார்கள் என்று தேடுவதே முறை.

இதற்கு உதவ ஆளும் உண்டு. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நியூயார்க்கின் ஒவ்வொரு ஊராட்சி அமைப்பும் தனக்கென ஒரு வரலாற்றாளரை நியமிக்க வேண்டும். கவுண்ட்டியின் தலைமையிடமான பென் யானில் உள்ள யேட்ஸ் கவுண்ட்டி வரலாற்று மையத்தில் ஃப்ரெண்டின் உடைமைகளே பாதுகாக்கப்படுகின்றன. அவர்களிடம் செல்லும்முன் பலகையின் முழு வாசகத்தையும், அது நிற்கும் இடத்தையும், ‘இங்கே’ என்கிறதா ‘இதற்கு வடக்கே அரை மைல்’ என்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாலையை அகலப்படுத்தும்போது பலகைகள் இடம்பெயர்வதுண்டு, ஆகவே நீர்விசையால் ஓடிய பழைய ஆலை நின்ற இடத்தைப் பலகையடியில் தேடாமல், ஓடை சரிந்து விழும் இடத்தில் தேடுங்கள்.