கையில் இருக்கும் லென்ஸுக்கு ஏற்ற பழைய கேமரா பாடி வாங்குவது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, சித்தூர், முதலமடை என்று எங்கள் பாலக்காட்டு எல்லைப் பக்கத்தில், ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர்களின் வீடுகளில் அருமையான லென்ஸ்கள் சும்மா கிடக்கின்றன. ஃபிலிம் காலம் முடிந்ததும் கேமரா பரணுக்கு ஏறியது, லென்ஸும் கூடவே ஏறிவிட்டது. அவற்றில் பலவற்றுக்கு இன்னும் வேலை இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் ஒரு டிஜிட்டல் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா மட்டும்) கிடைத்தால் போதும். ஆனால் பாடி பிடித்துப்போய் வாங்கிவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகு லென்ஸை மாட்டிப் பார்ப்பவர்கள்தான் அதிகம். லென்ஸிலிருந்து தொடங்குங்கள்.

1. லென்ஸ் தேறுமா?

இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கம் செல்போன் டார்ச்சைப் பிடித்து, முன்பக்கத்திலிருந்து சற்றுச் சாய்வாகப் பாருங்கள். நூலாம்படை போல இழை ஓடியிருந்தால் அது பூஞ்சை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க்குள் நுழையும் மழை ஈரத்தில், மூடிய தோல் பைக்குள் வைத்த லென்ஸ் அநேகமாக இப்படித்தான் ஆகும். ஓரத்தில் கொஞ்சம் என்றால் சுத்தம் செய்யலாம். கண்ணாடி முழுக்கப் படர்ந்திருந்தால் அதற்காகப் பாடி வாங்க வேண்டாம். அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துவாரம்) வளையம் இருந்தால் திருப்பிப் பாருங்கள்: இதழ்களில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாது.

2. எந்த மவுண்ட்?

லென்ஸும் பாடியும் இணையும் வளையம்தான் மவுண்ட். இங்கேதான் நிதானம் வேண்டும். கம்பெனி பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் லென்ஸ் பொருந்திவிடாது.

கேனான் என்றால் விஷயம் சுலபம். லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இருந்தால் அது பழைய எஃப்டி வகை. கேனான் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமராவில்) சரிவராது. வளையம் இல்லாமல் மவுண்ட் பக்கம் சிவப்புப் புள்ளி இருந்தால் அது இஎஃப். 1987-இல் வந்த அந்த மவுண்டில் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, அதனால் எந்த இஓஎஸ் டிஎஸ்எல்ஆரிலும் வேலை செய்யும். வெள்ளைச் சதுரக் குறி இருந்தால் இஎஃப்-எஸ். அது 60டி, 70டி, 80டி போன்ற சிறிய சென்சார் பாடிகளுக்கானது. 6டி, 5டி போன்ற ஃபுல் ஃப்ரேமில் (35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார் உள்ள பாடியில்) ஏறாது.

நிக்கானில்தான் குழப்பம் அதிகம். எஃப் மவுண்ட் 1959-இல் வந்தது, உருவம் பெரிதாக மாறவில்லை, ஆனால் உள்ளே நிறைய மாறியது. 50 எம்எம் ஏஎஃப்-டி போன்ற லென்ஸ்களில் மோட்டார் கிடையாது. பின்பக்க உலோக வளையத்தில் ஸ்க்ரூ டிரைவர் நுழைகிற மாதிரி ஒரு சிறு பள்ளம் இருக்கும். பாடியிலிருந்து ஒரு முனை வந்து அதைத் திருப்பினால்தான் ஆட்டோ ஃபோகஸ். பாடியை முன்னாலிருந்து பாருங்கள்: மவுண்ட் வளையத்தின் கீழ் இடப்பக்கம் அந்த முனை தெரியும். டி90, டி7000, டி7100, டி7200, டி700, டி750 ஆகியவற்றில் உண்டு. டி3000, டி5000 வரிசைகளில் எதிலும் கிடையாது. குறைந்த விலையில் அதிகம் கிடைப்பது இந்த இரண்டு வரிசையும்தான் என்பதால் இதை மறக்கவே கூடாது.

இன்னும் பழைய, கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸா? நிக்கான் எஃப்எம்10 ஃபிலிம் கேமராவுடன் வந்த 35–70 எம்எம் லென்ஸ் நம் பக்கம் நிறைய பேரிடம் இருக்கும். டி7000, டி7100, டி7200 மெனுவில் லென்ஸின் ஃபோகல் நீளத்தையும் அப்பர்ச்சரையும் பதிந்துவிட்டால் ஒளியை அளக்கும் மீட்டர் வேலை செய்யும். அதற்கு அடுத்து வந்த டி7500-இல் மோட்டார் இருந்தும் இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். புதிய மாடல் என்பதற்காக அதற்குத் தாவ வேண்டாம். 1977-க்கு முந்தைய, ஏஐ (அந்த ஆண்டு நிக்கான் கொண்டுவந்த லென்ஸ் வகை) அல்லாத லென்ஸாக இருந்தால் இந்தப் பாடிகளில் அழுத்தித் திருப்பாதீர்கள், பாடியின் சிறு நெம்புகோல் உடையும். அப்பர்ச்சர் எண்கள் ஒரே வரிசையில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஏஐ லென்ஸில் கீழே இன்னொரு சிறிய வரிசை இருக்கும்.

பென்டாக்ஸ் கே மவுண்ட் லென்ஸ் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம், எல்லா பென்டாக்ஸ் டிஎஸ்எல்ஆரிலும் ஏறும். பாடிதான் இந்தப் பக்கம் அரிதாகக் கிடைக்கிறது.

யாஷிகா, பழைய மினோல்ட்டா, கேனான் எஃப்டி லென்ஸ்களுக்கு, உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா ஒன்றே நல்ல வழி. காரணம், மவுண்டிலிருந்து சென்சார் வரை உள்ள தூரம். நிக்கான் எஃப்-இல் 46.5 மில்லிமீட்டர், கேனான் இஎஃப்-இல் 44, சோனி இ மவுண்டில் வெறும் 18. அந்த இடைவெளியை ஒரு எளிய அடாப்டர் நிரப்பிவிடும். சோனி ஏ6000 அல்லது முதல் ஏ7 போதுமானது. மெனுவில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதி கொடுங்கள், இல்லாவிட்டால் படம் எடுக்காது. ஃபோகஸ் கையால்தான்.

3. சிறிய சென்சாரா, ஃபுல் ஃப்ரேமா?

சிறிய சென்சாரில் 50 எம்எம் லென்ஸ், நிக்கானில் 75, கேனானில் 80 போலக் காட்டும். முகப் படங்களுக்கு அழகு, வீட்டுக்குள் நெருக்கடி. நென்மாறை வல்லங்கி வேலா திருவிழாவை இரவில் எடுக்க ஆசை என்றால் 6டி அல்லது டி750 என்பேன், மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் நன்றாக ஃபோகஸ் பிடிக்கும். உங்களிடம் இருப்பது டிஎக்ஸ் (நிக்கானின் சிறிய சென்சாருக்கான) லென்ஸ் மட்டும் என்றால் ஃபுல் ஃப்ரேமுக்குப் போக வேண்டாம். டி750-இன் 24 மெகாபிக்சலில் சுமார் 10 மட்டுமே மிஞ்சும்.

4. எங்கே, எப்போது வாங்குவது?

பாலக்காடு, பொள்ளாச்சி, கோயம்புத்தூர் மூன்றும் நமக்குக் கிட்டத்தான். கடையில் வாங்கினால் எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கல்யாண போட்டோகிராபர்களிடம் நேரடியாக வாங்குவதானால் ஆடி மாதம் போங்கள். கேரளத்தில் கர்க்கடகம், தமிழ்நாட்டில் ஆடி. இரு பக்கமும் கல்யாணம் குறைவு, அவசரப்படுத்தாமல் சோதிக்க விடுவார்கள். அந்த பாடிகள் வீடியோவும் நிறைய ஓடியிருக்கும், அது ஷட்டர் கவுண்டில் (இதுவரை ஷட்டர் இயங்கிய எண்ணிக்கையில்) தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

5. கையில் வாங்கிச் சோதிப்பது

உங்கள் லென்ஸ், மெமரி கார்டு, முடிந்தால் லேப்டாப் மூன்றையும் கொண்டு போங்கள். டி700, 5டி மார்க் 2 போன்றவற்றுக்கு சிஎஃப் என்ற பெரிய வகை மெமரி கார்டு தேவை.

லென்ஸை மாட்டித் திருப்பினால் 'கிளிக்' என்று உட்கார வேண்டும், ஆடக் கூடாது. நிக்கான் ஏஎஃப்-டி லென்ஸில் அப்பர்ச்சர் வளையத்தை மிகப் பெரிய எண்ணில் வைத்துப் பூட்டுங்கள். வைக்காவிட்டால் திரையில் 'எஃப்இஇ' என்று வரும். பயப்பட வேண்டாம், பாடியில் கோளாறு இல்லை.

அப்புறம் அப்பர்ச்சரை எஃப் 16-இல் வைத்து வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலான கரும்புள்ளி தூசி, துடைக்கலாம். கூர்மையான கோடு சென்சார் மேல் விழுந்த கீறலாக இருக்கலாம், விட்டுவிடுங்கள். அடுத்து 1/4000 விநாடியில் வெயிலில் ஒரு படம்: ஒரு பக்கம் கருத்த பட்டை விழுந்தால் ஷட்டர் சோர்ந்துவிட்டது. லென்ஸ் மூடியைப் போட்டு 30 விநாடி எடுத்தால் பழுதான பிக்சல்கள் வண்ணப் புள்ளிகளாக எட்டிப் பார்க்கும். இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை.

ஷட்டர் கவுண்ட் நிக்கானில் படத்தின் உள் விவரங்களிலேயே பதிவாகிறது, எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் படிக்கலாம். பெரும்பாலான கேனான்களில் யுஎஸ்பி கேபிள் போட்டுத் தனி மென்பொருளில்தான் பார்க்க முடியும். டி90-ஐ 1 லட்சம் முறையும், டி7000 முதல் டி7200 வரையானவற்றை 1.5 லட்சம் முறையும் சோதித்ததாக நிக்கான் சொல்கிறது. அதில் பாதிக்குள் இருந்தால் தயங்காமல் எடுக்கலாம்.

கடைசியாக எல்லாப் பொத்தான்களும், சக்கரங்களும், ஃபிளாஷ் மாட்டும் இடமும். பேட்டரி உப்பியிருந்தால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். பாடியில் உள்ள சீரியல் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். டிசம்பர், ஜனவரியில் வாங்கப் போனால் லென்ஸ் மாற்றும் சோதனையைக் கடைக்குள்ளேயே முடித்துவிடுங்கள், அந்த மாதங்களில் கணவாய்க் காற்று வாசல் வரைக்கும் புழுதி கொண்டு வரும்.