விவசாயக் குழு எங்கே சறுக்குகிறது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகில் உள்ள சுமார் 60 கோடி பண்ணைகளில் ஆறில் ஐந்து பங்கு, 2 ஹெக்டேருக்கும் சிறியவை. அவ்வளவு சின்ன நிலத்து விளைச்சலைத் தனியாகக் கொண்டுபோய் விற்றால் வண்டி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். பத்துப் பேர் மூட்டைகளைச் சேர்த்தால் லாரி நிரம்பும். லாரி நிரம்பினால் விலை பேசத் தைரியம் வரும். குழு சேர்வது இதற்காகத்தான். ஆனாலும் எத்தனையோ குழுக்கள் ஒன்றிரண்டு அறுவடையோடு படுத்துவிடுகின்றன.

முதல் தவறு, கையில் பணம் இல்லாமல் கொள்முதலைத் தொடங்குவது. அறுப்பு முடிந்த அன்றைக்குத்தான் கூலி எண்ணிக் கொடுக்க வேண்டும், கடன் கொடுத்தவரும் அன்றைக்குத்தான் வருவார். வியாபாரி விலையைக் குறைத்துக் கேட்டாலும் ரொக்கத்தோடு களத்துக்கே வந்து நிற்கிறார். குழுவோ, "விற்றதும் தருகிறோம், ஒரு மாதம் பொறுங்கள்" என்கிறது. உறுப்பினர் வியாபாரியிடம் போட்டுவிட்டால் அவரைத் துரோகி என்கிறார்கள். இது அநியாயம். அவருக்கு வேறு வழி இல்லை. அறுவடைக்கு முன்பே நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது சரக்கு வாங்கவும் அன்றாடச் செலவுக்கும் வேண்டிய கைப்பணத்துக்கு, ஏற்பாடு செய்துகொண்டு, சரக்கு இறங்கும்போதே ஒரு பகுதியைக் கொடுங்கள். மீதியை விற்ற பிறகு தரலாம். 1946இல் குஜராத்தின் ஆனந்தில் தொடங்கிய பால் கூட்டுறவு, பாலின் கொழுப்பை ஊரிலேயே சோதித்து, அதற்கேற்ற பணத்தை இழுத்தடிக்காமல் கொடுத்தது. அந்த நம்பிக்கையில்தான் அது வளர்ந்தது.

அடுத்தது எடை. என்னைக் கேட்டால், குழுவை உடைக்கிற சண்டைகளில் பாதி தராசடியில்தான் பிறக்கிறது. 18 சதவீத ஈரப்பதத்தோடு 100 கிலோ தானியம் வருகிறது என்று வையுங்கள். அதை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் மிஞ்சுவது சுமார் 95 கிலோதான். அந்த 5 கிலோ எங்கே போனது? முன்கூட்டியே சொல்லாவிட்டால், "செயலாளர் அடித்துவிட்டார்" என்று ஊர் பேசும். ஈரமானியை விவசாயியின் கண் முன்னாலேயே வைத்து அளந்து, எடை, ஈரப்பதம், கழிவு மூன்றையும் ரசீதில் எழுதிக் கையில் கொடுங்கள். தரம் பிரிப்பதும் அவர் எதிரிலேயே நடக்கட்டும்.

மானியம் கிடைக்கிறதே என்று கிடங்கும் டிராக்டரும் வாங்கிப் போட்டுவிட்டு, எதை யாரிடம் விற்பது என்று அப்புறம் யோசிப்பவர்களும் உண்டு. முதலில் ஒரே ஒரு பயிரைச் சேர்ந்து விற்றுப் பாருங்கள்.

செலவு போக மிஞ்சும் உபரியை, அவரவர் போட்ட பங்குத்தொகையை மட்டும் பார்த்துப் பிரிப்பதும் தவறு. அப்படிச் செய்தால் அதிகப் பங்கு வாங்கிப்போட்டவர், ஒரு மூட்டைகூடக் குழுவுக்குத் தராமலே சம்பாதிப்பார். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேலில் 28 பேர் சேர்ந்து கூட்டுறவுக் கடை தொடங்கினார்கள். யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த அளவுக்கு அவருக்கு லாபத்தில் பங்கு என்று வைத்தார்கள். விற்கும் குழுவில், யார் எவ்வளவு சரக்கு கொடுத்தாரோ அந்த அளவு. வாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று.

உறுப்பினர் படிவத்தில் வீட்டுக்கு ஒரு பெயர் என்று வைத்தால் அது பெரும்பாலும் ஆணின் பெயராகவே இருக்கும். விதைத்து, களையெடுத்து, மூட்டை கட்டிய பெண்ணுக்கு வாக்கும் இல்லை, ரசீதும் இல்லை. நிலப் பத்திரம் யார் பெயரில் என்று கேட்காமல், உழைக்கிற இருவரையும் தனித்தனி உறுப்பினராகச் சேருங்கள்.