1950 கால்பந்து உலகக் கோப்பை வரலாற்றைப் பிழையில்லாமல் எழுத

ரியோவின் மரக்கானா மைதானத்தில் பிரேசில் உருகுவேயிடம் தோற்ற கதையை எழுத உட்காரும் பலர், 79ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜியா அடித்த கோலில் தொடங்கிவிடுகிறார்கள். அது இருக்கட்டும். முதலில் ஒரு தாளில் புள்ளிப் பட்டியலைப் போடுங்கள். அந்தத் தொடரில் இறுதிப் போட்டி என்று ஒன்று கிடையாது. நான்கு பிரிவுகளிலும் முதலிடம் பிடித்த அணிகள் இறுதிச் சுற்றில் ஒன்றோடொன்று மோதின, அவ்வளவுதான்.

ஜூலை 9: பிரேசில் 7-1 சுவீடன், உருகுவே 2-2 ஸ்பெயின்.
ஜூலை 13: பிரேசில் 6-1 ஸ்பெயின், உருகுவே 3-2 சுவீடன்.
ஜூலை 16: உருகுவே 2-1 பிரேசில், சுவீடன் 3-1 ஸ்பெயின்.

வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. இன்றைய பழக்கத்தில் 3 போட்டுவிடாதீர்கள். சாம்பியன் மாறாது, பட்டியல்தான் பொய்யாகும். உருகுவே 5, பிரேசில் 4, சுவீடன் 2, ஸ்பெயின் 1 என்று கூட்டினால் 12 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கை தவறியிருக்கிறது.

அடுத்து, ஜூலை 16 காலை நிலவரத்தைத் தனியாகக் குறியுங்கள்: பிரேசில் 4, உருகுவே 3. பிரேசிலுக்கு டிராவே போதும். 47ஆவது நிமிடத்தில் பிரேசிலின் ஃப்ரியாசா கோல் போட்டார், 66இல் உருகுவேயின் ஸ்கியாஃபினோ சமன் செய்தார். அப்போதும் கோப்பை பிரேசில் கையில்தான். கிஜியாவின் கோல் வரையிலான அந்த 13 நிமிடங்களில்தான் கதையின் உயிர் இருக்கிறது. சாதாரண இறுதிப் போட்டி போல எழுதினால் அது தொலைந்துபோகும்.

இனி வழக்கமாகச் சறுக்கும் இடங்கள். 16 அணிகள் என்று எழுதாதீர்கள், ஆடியவை 13. சில அணிகள் விலகியதால் ஒரு பிரிவில் உருகுவேயும் பொலிவியாவும் மட்டுமே மிஞ்சின. 8-0 என்ற ஒரே வெற்றியில் உருகுவே இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டது. ஜூலை 16 ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தின் அளவைச் சொல்லும்போது 1,73,850 என்பது டிக்கெட் வாங்கியவர்கள் கணக்கு, இரண்டு லட்சம் என்பது மதிப்பீடு. இரண்டையும் கலக்காதீர்கள். பிரேசிலின் அதெமிர் தொடரில் அடித்த கோல்கள் சில பதிவுகளில் 8, சிலவற்றில் 9. ஸ்பெயினுக்கு எதிரான ஒரு கோலை யார் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் தகராறு.

வெறுங்காலோடு ஆட விடாததால் இந்தியா போகவில்லை என்ற கதையையும் அப்படியே எடுத்துப் போடாதீர்கள். சுவீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் இந்தியாவுக்கு இடம் இருந்தது. அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்கு நேரமின்மை என்பவைதான் அன்று இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் சொன்ன காரணங்கள்.

கடைசியாகப் படம். அன்று பிரேசில் ஆடியது நீலக் காலர் வைத்த வெள்ளைச் சட்டையில். மஞ்சள் சட்டை, 1953இல் ஒரு நாளிதழ் நடத்திய போட்டியில் தேர்வாகி, 1954இல்தான் களத்துக்கு வந்தது. வண்ணம் ஏற்றிய படத்தில் அவர்கள் மஞ்சளில் ஓடினால் அதைத் தூக்கிப் போடுங்கள்.