சென்னையிலிருந்து காலநிலை நீதி இயக்கத்தைக் கட்டுவது எப்படி?

காலநிலை மாற்றத்துக்குக் காரணமானவர்கள், அதனால் அடிபடுபவர்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே காலநிலை நீதி. வெள்ளம் வந்து ஒரு வாரக் கூலி போனவருக்குக் காலநிலை வேறு, வயிற்றுப்பாடு வேறு இல்லை. அந்தக் கூலியிலிருந்தே தொடங்குங்கள். 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சென்னையில் நடத்திய சிங்காரவேலர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கடற்கரையும் தொழிற்சங்கமும் கைகோத்தது இந்த ஊருக்குப் புதிதில்லை.

பதிவேடுதான் அடித்தளம்

ஒரு குப்பத்திலோ குடியிருப்பிலோ 50 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று போதும். தேதி, தெரு, செய்யும் தொழில், நாள் கூலி, வேலை போன நாள்கள், வீட்டுக்குள் நின்ற தண்ணீரின் உயரம், நாசமான பொருள்கள், வாங்கிய கடன், அதன் வட்டி என்று கட்டம் போடுங்கள். கடைசி இரண்டை விட்டுவிடாதீர்கள். அரசு நிவாரணம் குடும்பத்திடம் தங்கியதா, வட்டிக்காரரிடம் போனதா என்பதை அவைதான் காட்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. நாளுக்கு 700 ரூபாய் வாங்குபவர் 9 நாள் வேலை இழந்திருந்தால் கூலி மட்டுமே 6,300. மெத்தை, மிக்சி, பள்ளிப் புத்தகம் எல்லாம் இதற்கு மேல். இப்படி 50 வீட்டுக் கணக்கு கையில் இருந்தால் அதிகாரியிடம் பேசும் பேச்சே வேறு.

தண்ணீரின் உயரத்தை 'முழங்கால் அளவு' என்று எழுத வேண்டாம். சுவரில் படிந்த கறையின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்து, சென்டிமீட்டரில் எழுதுங்கள். டேப்பும் கறையும் சேர்ந்து தெரியும்படி படம் எடுங்கள். டிசம்பர் வெள்ளத்தின் கறை பொங்கலுக்கு வெள்ளையடித்ததும் காணாமல் போகும். ஆகவே தண்ணீர் வடிந்த வாரமே இந்த வேலை முடிய வேண்டும்.

அதே 2023 வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தது. அப்படி நேர்ந்தால் எண்ணெய் படிந்த வலையில் ஒரு துண்டை வெட்டிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தேதி, நேரம், இடம், எடுத்தவர் பெயரை எழுதி ஒட்டுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் எண்ணெயை உறிஞ்சியும் தன் ரசாயனத்தைக் கசியவிட்டும் சோதனை முடிவையே கெடுத்துவிடலாம். படங்களிலும் ஒரு சிக்கல் உண்டு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் கோப்பிலிருந்து அழிந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்; மூலக் கோப்பை இரண்டு பென்டிரைவில் போட்டு, வெவ்வேறு இரண்டு வீடுகளின் மாடியில் வையுங்கள். ஆதார் எண் வாங்கவே வேண்டாம். பெயரை வெளியே சொல்லலாமா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்.

கூட்டமும் கோரிக்கையும்

ஞாயிறு காலைக் கூட்டம் படித்தவர்களுக்குத்தான் வசதி. வீட்டு வேலைக்குப் போகும் அக்காமார்களுக்குப் பிற்பகல் 3 மணிக்கு மேல், கட்டட வேலைக்காரர்களுக்கு இரவு 7-க்கு மேல். விசைப்படகுத் தொழிலாளர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் தோது. வருமானம் இல்லாத காலம் என்பதால் பேருந்துக் காசை அமைப்பே கொடுக்க வேண்டும்.

கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அதில் முடிவெடுக்கும் அதிகாரி யார் என்பதும் தெரிந்திருக்கட்டும். உதாரணத்துக்கு: வெயில் காலத்தில் பகல் 12 முதல் 3 வரை கட்டட வேலை நிறுத்தம், கூலிப் பிடித்தம் இல்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. ஆனால் இறப்புக் காரணத்தில் வெறும் மாரடைப்பு என்று எழுதிவிட்டால் அந்தத் தொகையைக் கேட்டு வாங்குவது கடினம். மருத்துவமனைக்குக் கூடவே ஒருவர் போய், வெயிலில் வேலை செய்ததைச் சொல்லிக் குறிப்பில் ஏற்றச் செய்ய வேண்டும்.

சட்டத்தின் கெடு

தகவல் உரிமை மனுவுக்கு 10 ரூபாய் கட்டணம், பதிலுக்கு 30 நாள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் தகராறை 6 மாதத்துக்குள் கொண்டுபோக வேண்டும். இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் உண்டு. ஒரு திட்டத்துக்குத் தந்த அனுமதியை எதிர்க்க 30 நாள்தான், தக்க காரணம் காட்டினால் மேலும் 60. பல நல்ல வழக்குகள் இந்தக் கெடுவில்தான் தோற்கின்றன.

ஒரு திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தருவதற்கு முன் நடக்கும் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன் அறிவிப்பு வரும். அங்கே எத்தனை பேர் எதிர்த்தார்கள் என்று எண்ணி முடிவெடுப்பதில்லை. குறிப்பான கேள்விக்குத்தான் திட்டத்தின் இறுதிச் சுற்றுச்சூழல் அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கடைசியில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது விதி. கோபத்தில் எழுந்து போய்விட்டால் அதில் என்ன எழுதினார்கள் என்பது தெரியாமலே போகும்.

கடல் தாண்டிய கை

உங்கள் பகுதியில் நடக்கும் திட்டத்துக்குப் பணம் வந்த வழியைத் தேடுங்கள். கொசஸ்தலையாற்றுப் படுகை வெள்ளத் தடுப்புத் திட்டத்துக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் தந்திருக்கிறது. அந்த வங்கியின் திட்டத்தால் பாதிக்கப்பட்டால் இரண்டு பேர் சேர்ந்தாலே அதன் குறைதீர் அமைப்பில் புகார் கொடுக்கலாம். உலக வங்கியின் ஆய்வுக் குழுவிலும் அப்படியே. முதலில் திட்டத்தை நடத்தும் வங்கி அதிகாரிகளிடம் முறையிட்டிருக்க வேண்டும். அப்படி முறையிட்டதைக் காட்டாத புகார் திரும்பி வரலாம்.

அதே வங்கியின் கடனால் வேறு ஊர்களிலும் அவதிப்படுபவர்கள் இருப்பார்கள். அவர்களோடு மாதம் ஒரு அழைப்பு வையுங்கள். நம் இரவு 7.30, நைரோபியில் மாலை 5, மணிலாவில் இரவு 10, சாவோ பாவ்லோவில் காலை 11. பதிவேட்டைச் சுருக்கி இரண்டு பக்கமாக ஆங்கிலத்தில் அனுப்புங்கள். இங்கே வேலை செய்யும் வடமாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தி, வங்காளம், ஒடியாவிலும் வேண்டும். காலநிலை மாற்றத்தால் அடிபடும் ஏழை நாடுகளுக்கு உதவும் 'இழப்பு மற்றும் சேத நிதி'யை உருவாக்க 2022-ல் எகிப்தில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த நிதியைக் கேட்கும் குரலுக்கு, கார்பனை அதிகம் வெளியிட்ட நாடுகள் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கின்றன என்ற கணக்கு தேவை. அதன் முதல் வரி உங்கள் நோட்டில்தான் இருக்கிறது.

வெளிநாட்டு நண்பர்கள் பணம் அனுப்புகிறேன் என்றால் தனிநபர் கணக்கில் வாங்கவே வேண்டாம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பதிவு பெற்ற அமைப்பும் அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்ற முடியாது. வீட்டுக்கு மாதம் 20 ரூபாய் சந்தா வைத்தால் 50 வீட்டுக்கு ஆயிரம் ரூபாய். ஜெராக்ஸுக்கும் பேருந்துக்கும் ஆகும். வரவு செலவை மாதக் கூட்டத்தில் உரக்க வாசித்து, தெருமுனை டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள்.