டெக்கைக் காயலான் கடைக்குப் போடும் முன்

இனி எதையாவது பதிவு செய்யலாம் என்று வீட்டில் விசிஆர், அதாவது வீடியோ கேசட் ஓட்டும் டெக், வைத்திருந்தால் அந்த எண்ணத்தை விட்டுவிடலாம். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள் வயர் கொடுத்தால் இன்றும் பதிவாகும்தான். ஆனால் அதில் போடும் விஎச்எஸ் வகை கேசட்டின் நாடா தாங்குவது சுமார் 240 கோடு நுணுக்கம். சாதாரணக் கைப்பேசியே அதைவிடத் தெளிவாக எடுக்கும். கெட்டுப்போனால் புதிது வாங்கவும் முடியாது. கடைசிவரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

ஆனால் பீரோவில் கல்யாணக் கேசட்டும் காதுகுத்துக் கேசட்டும் இருக்கும்வரை டெக்கை விற்காதீர்கள். அதற்கு இன்னும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: அவற்றை ஒருமுறை ஒழுங்காக ஓட்டிக் கணினியில் ஏற்றுவது.

'அதெல்லாம் ஸ்டூடியோவில் கொடுத்து அப்போதே சிடி போட்டாச்சு' என்பவர்கள் அந்தத் தட்டைப் போட்டுப் பாருங்கள். அது விசிடி (வீடியோ சிடி) என்றால் படம் வெறும் 352×288 புள்ளிதான். கேசட்டில் வினாடிக்கு 50 அரைப்படங்கள் (ஒன்றுவிட்டு ஒரு கோடு மட்டும் உள்ள படங்கள்) இருக்கும். விசிடியில் அதில் பாதி காணாமல் போயிருக்கும். தாலி கட்டும்போது அட்சதை விழும் இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைகிறதா? அது விசிடியின் குறை. கேசட்டில் அந்த அரிசி முழுசாக இருக்கும்.

முதலில் கேசட்டைச் சோதியுங்கள். கேசட்டின் கண்ணாடி ஜன்னல் வழியாக டார்ச் அடித்தால் நாடாச் சுற்று கறுப்பாக, வழவழவென்று தெரிய வேண்டும். வெள்ளைத் தூளோ, நூலாம்படை போலவோ படர்ந்திருந்தால் பூஞ்சை. அதை டெக்கில் போடவே கூடாது. நாடாவைப் படிக்கும் முனையான ஹெட்டில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். தனிப் பையில் கட்டி, நாடா சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டின் முதுகில் ஓரமாக உள்ள சிறு பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால், தவறி ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் அழியாது.

பல வருஷம் சும்மா கிடந்த டெக்கில் எடுத்த எடுப்பில் கல்யாணக் கேசட்டைச் செருகாதீர்கள். வேண்டாத ஒரு கேசட்டைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டி, முன்னும் பின்னும் சுற்றி, வெளியே எடுங்கள். நாடா உள்ளே சிக்கித் தொங்கிக்கொண்டு வந்தால், சுருட்டும் பக்கத்துச் சக்கரம் சுழலவில்லை என்று அர்த்தம். பெல்ட் தளர்ந்திருக்கும், இல்லையேல் அதன் ரப்பர் வளையம் வழுக்கியிருக்கும். இரண்டும் மலிவான பாகங்கள்தான். உயிரே வரவில்லை என்றால் பெரும்பாலும் பவர் சப்ளையில் கபாசிட்டர் காய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கே ஷாக் அடிக்கும், மெக்கானிக்கிடம் விடுங்கள்.

படத்தில் பனி கொட்டினால் ஹெட் அழுக்கு. பிளக்கைப் பிடுங்கி மேல்மூடியைக் கழற்றினால் சாய்வாக ஒரு வெள்ளி உருளை தெரியும். விட்டம் 62 மில்லிமீட்டர். ஓடும்போது நிமிடத்துக்கு 1500 சுற்று. அதன் சுழலும் மேல்பாதியின் அடி விளிம்பில், எறும்புத் தலை அளவுகூட இல்லாமல் துருத்தி நிற்பதுதான் ஹெட். நூல் பிரியாத துணியில் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து, உருளையின் பக்கவாட்டில் லேசாக ஒட்டிப் பிடியுங்கள். துணி அசையக் கூடாது. மறு கையால் உருளையின் தலையைப் பிடித்து நாலைந்து சுற்று மெதுவாகச் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் முனை உடையும். காது குடையும் பஞ்சும் ஆகாது. அதன் இழை முனையில் மாட்டி இழுத்துவிடும். கால்மணி நேரம் காயவிட்டுத்தான் கேசட் போட வேண்டும்.

கணினியில் ஏற்றுவதற்கு, டெக்கின் சிக்னலைக் கணினிக்குக் கொண்டுபோகும் யுஎஸ்பி கேப்சர் குச்சி போதும். மஞ்சளில் படம், வெள்ளை சிவப்பில் சத்தம். நடுவில் எச்டிஎம்ஐ மாற்றிப் பெட்டி வைக்காதீர்கள். மலிவுப் பெட்டிகள் அரைப்படங்களைக் கன்னாபின்னாவென்று கலக்கும். பதிவு செய்யும் ஓபிஎஸ் மென்பொருளில் வீடியோ வகை பால் பி (குடிக்கிற பால் இல்லை, நம் நாட்டு டிவி முறை), அளவு 720×576, அரைப்படங்களை முழுப்படமாக்கும் டீஇன்டர்லேஸ் யாடிஃப் 2எக்ஸ், மேல் புலம் (மேல் அரைப்படம்) முதலில், வெளியீடு வினாடிக்கு 50. எச்.264 என்ற சுருக்கும் முறையில் வினாடிக்கு 8 மெகாபிட் வைத்தால் மணிக்குச் சுமார் 3.6 ஜிபி, மூன்று மணி நேரக் கேசட்டுக்கு 11 ஜிபி. படம் 4:3-லேயே இருக்கட்டும். அகலத் திரைக்கு இழுத்தால் மாப்பிள்ளை வீங்கிவிடுவார். அடியில் நெளியும் சில கோடுகள் எல்லா விஎச்எஸ்ஸிலும் உண்டு, பின்னால் வெட்டிக்கொள்ளலாம். குறுக்கே பட்டை ஓடினால் டிராக்கிங் பட்டனால் சரிசெய்துவிட்டு, நாடாவைத் தொடக்கத்துக்குச் சுற்றிப் பதிவை ஆரம்பியுங்கள்.

பழைய நாடாவில் சிக்னல் ஆடினால் குச்சி படத்தை உறைய வைக்கும். பழைய டிவிடி ரெக்கார்டர் கிடைத்தால் டெக்குக்கும் குச்சிக்கும் நடுவே அதைக் கோத்துப் பாருங்கள். சில மாடல்கள் ஆட்டத்தை நன்றாக அடக்கும்.

அமெரிக்காவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வந்த கேசட் என்டிஎஸ்சி, அதாவது அந்த ஊர் டிவி முறை. நம் டெக்குகள் சில அதை ஓட்டும், டிவியிலும் தெரியும். ஆனால் வெளிவருவது இரண்டுங்கெட்டான் சிக்னல், குச்சியில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையாகிவிடும். அங்குள்ள உறவினர் யாராவது அந்த ஊர் டெக்கிலேயே ஏற்றித் தருவதுதான் சரி.

கோப்பை இரண்டு தனித்தனி டிஸ்க்கில் வையுங்கள். டெக்கைக் கைவிடும் முன் ஒவ்வொரு கோப்பின் கடைசிப் பத்து நிமிடத்தையும் ஓட்டி, பேசுபவரின் உதட்டோடு சத்தம் சேர்ந்து வருகிறதா பாருங்கள். நழுவல் இருந்தால் அங்கேதான் தெரியும். அந்தக் கேசட்டை மறுபடி ஏற்ற வேண்டியதுதான்.